நோஃபாவின் பிரேக் கால்

ஜோர்டானில் எங்கள் ஊரான கராக்கில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் நோஃபா அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். நானும் வாங்கியிருக்கிறேன். பயிற்சிக் காரில் சொல்லிக் கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வருடமாக அதை மிதித்து மிதித்து அவளுடைய வலது காலுக்குத் தனியாக மூளை முளைத்துவிட்டது. கல்யாண வீட்டில் ஏதாவது குழந்தை வேகமாக ஓடி வந்தால்கூட, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கால் தரையை அழுத்தும்.

அந்தக் கால்தான் உடைந்தது. குவைத்தில் இருக்கும் மகன் ரகானைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். இறங்கிய விமானம் நிற்காமல் ஓடியது. மற்றவர்கள் அல்லாவைக் கூப்பிட்டார்கள். இவள் பிரேக்கை மிதித்தாள். இல்லாத பிரேக்கை, காலை விறைப்பாக நீட்டி, முழு பலத்தோடு மிதித்தாள். விமானம் ஓடுபாதையைத் தாண்டி மணலில் புகுந்து நின்றபோது முன் இருக்கை பெயர்ந்து நேராக அந்த முழங்காலில் மோதியது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பித்தார்கள். இவளுக்கு மூட்டு நொறுங்கிப் போனது.

நான் அவளுடைய சித்தப்பா மகள் ருவைதா, வக்கீல். விமானக் கம்பெனியின் முதல் கடிதம் என் கைக்குத்தான் வந்தது. "பயணி தானாகவே காலை நீட்டியதால் ஏற்பட்ட காயம்" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"சரியாத்தானே எழுதிருக்கான்! நான்தானே நீட்டினேன்?"

ஆனால் அம்மானில் பார்த்த டாக்டர் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. மூட்டு மாற்றினால் மறுபடி பிரேக் மிதிக்கலாம். இல்லையென்றால் காலத்துக்கும் ஊன்றுகோல்தான். அந்த ஆபரேஷனுக்கு அக்கா வீட்டில் வசதியில்லை. அதனால் வழக்குப் போட்டேன். விசாரணை அறிக்கை எங்கள் பக்கம் இருந்தது. பிரேக் தேய்ந்துவிட்டது என்று பத்து நாளுக்கு முன்பே எழுதி வைத்தும், அதை மாற்றாமலே விமானத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

கோர்ட்டில் நிற்க முடியாது என்று தெரிந்ததும் கம்பெனி வேறு வழியில் வந்தது. யாரோ புண்ணியவான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மன்னிப்புக் கேட்டு ஒரு ஜாஹா வரும், ஷேக் ஹாயில் தலைமையில் பெரியவர்கள் கூட்டமாக வீட்டுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. வழக்கம் இதுதான்: வந்தவர் காபியைக் குடிக்காமல் தன் முன்னால் வைப்பார், வேண்டியதைக் கேட்பார். "காபியைக் குடிங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் கேட்டதைக் கொடுத்ததாக அர்த்தம். அதன்பிறகு பேச்சே கிடையாது.

வீட்டுக்காரர் யார் என்று பார்க்க வேண்டும் இல்லையா? அக்காவின் புருஷன் தைஃபல்லா. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்த ஆளை மூன்று வேளை சாப்பிட வைத்து அனுப்பியவர். அந்த ஆள் மீட்டர் பார்க்க மறந்தே போனான்.

காலையிலேயே அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். எங்கள் ஊரில் மகன் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம்: ரகானின் அப்பா அபூ ரகான், அம்மா உம் ரகான்.

"அபூ ரகான், இன்னைக்கு உங்க வாயில அந்த ரெண்டு வார்த்தை வரக்கூடாது. எந்த ரெண்டு?"

"காபி குடிங்க."

"பாருங்க, இப்பவே சொல்லிட்டீங்க!"

"நீதானே கேட்டே? விடும்மா. உம் ரகான் காலாச்சே, நான் விட்டுக் குடுப்பேனா?"

எட்டு கார்கள் வந்தன. ஆண்கள் பெரிய அறையில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். நானும் அக்காவும் உள்ளறையில் திரைக்குப் பின்னால் இருந்தோம். தைஃபல்லா காபியை ஊற்றிக் கொடுத்தார். எண்பது வயது ஷேக் ஹாயில் அதை வாங்கித் தன் முன்னால் வைத்தார்.

"தைஃபல்லா, நடந்தது விதி. வந்திருக்கிற இத்தனை முகத்துக்காக மன்னிச்சு, வழக்கை வாபஸ் வாங்கிக்க. அதைக் கேட்கத்தான் வந்தோம்."

தைஃபல்லா வாயே திறக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது. சபாஷ் என்று நினைத்தேன். அப்போதுதான் ஷேக்குக்கு இருமல் வந்தது. வழியெல்லாம் புழுதி, வயது வேறு. இருமல் நிற்கவில்லை. முகம் சிவந்து, கண் பிதுங்கியது.

"ஐயோ ஷேக், காபியைக் குடிங்க!" என்று பதறினார் தைஃபல்லா.

ஷேக் குடித்துவிட்டார்.  கம்பெனியின் வக்கீல், நீல டை கட்டிய ஆள், உடனே பையைத் திறந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். இத்தனை மாத வழக்கு ஒரே மடக்கில் போய்விட்டது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

தைஃபல்லாவின் முகத்தைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். செய்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருந்தது. பாவமாக இருந்தது. திட்ட வந்த வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா என் தோளைப் பிடித்து எழுந்தாள். "ஊர்ல எல்லாருக்கும் பிரேக் பிடிக்கக் கத்துக் குடுத்தேன். என் வீட்டு ஆளுக்குத்தான் கத்துக் குடுக்கல. அந்தக் கோலை எடு."

டக், டக் என்று அவள் அந்த அறையைக் கடந்து போனாள். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தாள். ஒவ்வொருவராக எல்லா ஆண்களும் எழுந்து நின்றார்கள். தைஃபல்லா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஷேக், என் வீட்டுக்காரர் வாக்குக் குடுத்துட்டார். அவர் வாக்கு கீழ விழாது. அவரோட உரிமையை அவர் விட்டுக் குடுத்துட்டார். எட்டு மாசமா என்னைக் குளிக்கிற இடத்துக்குத் தூக்கிட்டுப் போனது அவர் முதுகு. அந்த முதுகு வலிக்காக அவர் உங்ககிட்ட எதுவும் கேட்க மாட்டார். ஆனா கால் என்னோடது. என்கிட்ட யாரும் கேட்கலையே?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஷேக் தாடியைத் தடவிக்கொண்டார்.

"தப்பான வாசல்ல கேட்டுட்டோம் மகளே. தைஃபல்லா, இன்னொரு காபி ஊத்து."

"ஷேக், நீங்கதான் குடிச்சாச்சே..." என்று இழுத்தார் நீல டை.

"அது இருமலுக்குக் குடிச்சது, வக்கீலய்யா. உட்காருங்க."

புதுக் காபியை அவர் அக்காவுக்கு எதிரே வைத்து, அதே கேள்வியை அவளிடம் கேட்டார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

"பைலட் வந்திருக்கானா?"

செருப்பு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். யஸன் என்று பெயர். முப்பது வயதுக்கு மேலிருக்கும். விபத்துக்குப் பிறகு அவன் பறக்கவே இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

"எப்போ பிரேக் மிதிச்சே?" ஓட்டுநர் தேர்வில் கேட்பதுபோல் கேட்டாள்.

"சக்கரம் தரையைத் தொட்ட உடனே, அம்மா. முழுசா மிதிச்சேன். பிடிக்கல."

"தெரியும். நானும் அப்பதான் மிதிச்சேன். பதினெட்டு வருஷத் தொழில், நேரம் எனக்குத் தப்பாது. நீ ஒரு நொடி லேட்டா மிதிச்சிருந்தா என் கால் சொல்லியிருக்கும். உன் மேல தப்பில்ல."

அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவன் குழந்தை மாதிரி அழுதான். அக்கா ஷேக் பக்கம் திரும்பினாள்.

"ஷேக், இவனுக்காகக் குடிங்க. இவனை மனசார மன்னிச்சுட்டேன், இவன் மறுபடி பறக்கட்டும். ஆனா பிரேக் தேய்ஞ்சது தெரிஞ்சும் வண்டியை வெளியே எடுத்தவங்க கோர்ட்டுக்கு வரட்டும். இந்தக் காபியில அவங்களுக்குப் பங்கு இல்ல."

ஷேக் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். நீல டை காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கோர்ட்டில் அவர்கள் அந்த முதல் காபியைக் கிளப்பத்தான் செய்தார்கள். ஷேக் ஹாயில் தானே வந்து சாட்சிக் கூண்டில் ஏறி, அது இருமலுக்குக் குடித்தது என்று மறுபடியும் சொன்னார். வேலை போனாலும் பரவாயில்லை என்று யஸனும் வந்து பிரேக்கைப் பற்றிச் சொன்னான். காலை நீட்டியது குற்றமல்ல, ஆபத்தில் எந்த மனிதரும் செய்வது என்று நீதிபதி எழுதினார். இழப்பீடு முழுதாகக் கிடைத்தது. ஆபரேஷனும் நடந்தது.

இதற்கிடையில் தைஃபல்லா பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. யார் வந்தாலும் காபி ஊற்றுவார், குடிங்க என்று மட்டும் சொல்ல மாட்டார். குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விருந்தாளிகள் கோப்பையைப் பிடித்தபடி விழிப்பார்கள். அக்கா அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து, வழக்கின் கடைசிக் காகிதங்களோடு நான் போயிருந்தேன். அக்கா உள்ளறை வாசலில் நாற்காலி போட்டு அவற்றைப் படித்துக்கொண்டிருந்தாள். தைஃபல்லா புது அங்கி, தலைத்துணி எல்லாம் அணிந்து பெரிய அறைக்குள் வந்தார். ஷேக் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். தனக்குத் தானே காபி ஊற்றி முன்னால் வைத்தார்.

"உம் ரகான், ஒரு ஜாஹா வந்திருக்கேன்."

"ஒத்தை ஆளாவா?"

"வேற யாரு வருவா? ஊரே உன் பக்கம்தான். அன்னைக்கு நான் பண்ணினதை மன்னிச்சுடு."

"ஆறட்டும்" என்றாள் அக்கா. காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். காபி ஆறியது. பக்கம் பக்கமாகப் படித்து முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். நான் அவசரமாக ஊன்றுகோலைத் தேடினேன். அது அவளுக்கு எட்டாத தூரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. அந்த அறையைக் குறுக்கே நடந்தாள். டக் டக் சத்தம் இல்லை. ஆறிய காபியைக் கொட்டி, சூடாக ஊற்றி, அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க. எப்பவோ மன்னிச்சாச்சு."

தைஃபல்லா குடிக்கவில்லை. கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. கோப்பையை மறுபடி தரையில் வைத்தார்.

"இன்னொண்ணு கேட்கணும்."

"என்ன?"

"அங்கிருந்து இங்க வரைக்கும் இன்னொரு தடவை நடந்து காட்டு. அப்புறம் குடிக்கிறேன்."