பத்தாவது ஆள்

கோகிலாவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரம் தேய்ப்பாள். அந்த வாரம் வீட்டிலிருந்த நாலு பாத்திரமும் பளபளவென்று மின்னின. பின்னே என்ன, கட்டின புருஷன் பெயர் ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதை வேலைப் பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததை அவர்கள் ஊரான காஜா பெராங்கில் யாரும் பார்த்ததில்லை.

தப்பிக்க ஒரே வழிதான். நெஞ்சில் கோளாறு என்று ஜப்பான் பட்டாள டாக்டரான கேப்டன் தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கான எக்ஸ்ரே மிஷின் இருந்தது கோகிலா வேலை செய்த கிளினிக்கில். கிளினிக் டாக்டர் தேவதாஸை ஜப்பான்காரன் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விட்ட பிறகு அதை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆளை நிறுத்துவாள், சுவிட்சை மிதிப்பாள், அதோடு சரி. கருத்துச் சொல்ல அவளை யாரும் கேட்டதில்லை.

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து ஃபிலிம் கிடையாது. இருட்டறையில் ஆளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினால் நெஞ்சின் நிழல் மங்கலாக, பச்சையாக அதில் விழும். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அது பிடிபடாது. டாக்டர் தேவதாஸ் இருபது நிமிஷம் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கண்ணைப் பழக்கிய பிறகுதான் பார்ப்பார். அந்தக் கண்ணாடியைக் கேப்டனிடம் நீட்டினபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உங்கள் டாக்டர் குருடரா என்று கேட்டார்.

வெளிச்சப்பெட்டியில் ஃபிலிமை மாட்டிப் பார்ப்பதில் கேப்டன் சூரராம். இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது. இங்கே வெயிலிலிருந்து நேரே வந்து மூணு விநாடி பார்ப்பார். ஒன்றும் தெரியாது. உடனே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவார். போன வாரம் பட்டியலில் இருந்த இப்ராஹீமுக்கு வலது நுரையீரல் பாதி போயிருந்தது. கேப்டன் "யோஷி" என்றார், நல்லது என்று அர்த்தம். மறுநாள் அந்த மனுஷன் லாரி ஏறித் தம்பினுக்குப் போனார், அங்கிருந்து சயாமுக்கு ரயில். அன்றைக்குக் கோகிலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வாரம் கேப்டன் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சயாம் பட்டியலில் இருந்த நாலு பேரையும் அவள் ரகசியமாகத் திரையில் பார்த்துவிட்டாள். மூணு பேருக்குக் காசம். நாலாவது ஆள் சேதுராமன், அவள் புருஷன். இடது நெஞ்சின் அடியில் நீர், அதற்கு மேலே காற்று, நடுவில் அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல் ஒரு கோடு. அவன் ஒரு மூச்சு விடுவதற்குள் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சைக்கிள் கடைத் தூசியால் வந்த இருமல் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கேப்டன் வந்த அன்று வேறு ஆறு பேரும் வந்திருந்தார்கள். பண்டார் ஹிலிர் கிடங்கில் காவல் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியதே அந்த யோஷிதான். வழக்கமாகச் சயாம் ஆட்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். கோகிலா பத்துப் பேரையும் இருட்டறைக்குள்ளேயே சுவரோரம் உட்காரவைத்தாள், வெளிச்சம் கசியாதபடி கதவுக்கு உள்ளே இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டாள். கேப்டனும் மொழிபெயர்க்கிற குமாஸ்தா அப்பாசாமியும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"கோகிலா, லிஸ்ட்டுல சயாம் ஆளுங்கதானே மொதல்ல?" என்று அப்பாசாமி கிசுகிசுத்தார்.

"லிஸ்ட்டு தெரியுதாண்ணே?"

"இந்த இருட்டுல என் கையே தெரியல."

"அப்ப நான் கூப்புடுறேன், எனக்கு மனப்பாடம்."

அப்பாசாமியும் காஜா பெராங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், சேதுராமன் யார் என்று நன்றாகத் தெரியும். மாட்டினால் அவர் தலையும் சேர்ந்து உருளும். "சரி, கூப்புடு," என்றார்.

முதல் ஆள் கிடங்குக் காவலுக்குப் போகிற அப்துல் ஹமீது. கழுத்தில் தாயத்து. உலோகம் இருந்தால் திரையில் விழும் என்று கழற்றச் சொன்னாள். இருட்டில் அந்த முடிச்சு லேசில் அவிழுமா? கேப்டன் நாக்கைச் சொடுக்கினார். அடுத்தவனுக்கு அரைஞாண், மூணாமவனுக்குக் கழுத்துச் சங்கிலி. தோளை முன்னே தள்ளு, முகவாயைத் தூக்கு, மூச்சை இழு என்று கோகிலா ஒவ்வொருவரையும் கல்யாணப் பெண்ணை ஜோடிப்பதுபோல ஜோடித்து நிறுத்தினாள். யோஷி, யோஷி, யோஷி. அறைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. ஐந்தாவது ஆளிடம் கேப்டன் கொஞ்ச நேரம் நின்றார். ஆறாவது ஆளிடம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். அவர் கண் இருட்டுக்குப் பழகித் திறந்துகொண்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஏழாவது ஆளைப் பார்த்து ஜப்பான் மொழியில் ஏதோ முணுமுணுத்தார்.

"இவருக்குக் காசமாம், சயாம் வேணாமாம்," என்றார் அப்பாசாமி.

எட்டு, ஒன்பது, அதேதான். பத்தாவதாகச் சேதுராமன் வந்து நின்றான். கோகிலா சுவிட்சை மிதித்தாள்.

கேப்டனின் முகம் பச்சை வெளிச்சத்தில் தெரிந்தது. அவர் பார்வை நின்ற இடம் இதயம். ஐயோ என்றிருந்தது அவளுக்கு. இந்தத் திரைக்கு வந்த புதிதில் ஆறு மாசம் அவள் கண்ணும் அங்கேதான் போய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எது அசைகிறதோ அதைத்தான் புதுக்கண் பார்க்கும். அசையாமல் கிடக்கிற கோட்டை அது தாண்டிப் போய்விடும். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தால் என்ன, இந்தத் திரைக்கு அவர் புதுக்கண்.

"யோ..." என்று கேப்டன் வாயெடுத்தார்.

"நேரா நிக்கவே மாட்டேங்குறாரு பாருங்க," என்று சொல்லிக்கொண்டே கோகிலா புருஷனின் இரண்டு தோளையும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். மோர்ப்பானையை உலுக்குகிற உலுக்கு. நெஞ்சுக்குள் அந்தக் கோடு அலையடித்தது, குளத்தில் கல் விழுந்தாற்போல்.

கேப்டன் திரையை ஒட்டிக் குனிந்தார். பிறகு மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"இன்னொருக்கா ஆட்டச் சொல்றாரு," என்றார் அப்பாசாமி.

ஆட்டினாள். கேப்டனே வந்து சேதுராமனைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். ஆள் சாய்ந்தான், கோடு சாயவில்லை, தரைக்குச் சமமாகவே நின்றது. கேப்டன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். வலது பக்கம் சாய்த்தார், இடது பக்கம் சாய்த்தார், அப்பாசாமியை இழுத்து நிறுத்தி விரலால் காட்டினார்.

"தண்ணியாம், இந்த ஆளு சயாமுக்கு ஆகாதாம்," என்றார் அப்பாசாமி. "தானே கண்டுபுடிச்ச மாதிரி பேசுறாரு."

"பேசட்டும்ணே. அவரு கண்டுபுடிச்சதாவே இருக்கட்டும்."

வெளியே வந்து கேப்டன் நாலு தாளிலும் முத்திரை குத்தினார். தாள் கைக்கு வந்ததும் கோகிலா தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள். இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. ஜெயித்துவிட்டாள், அதுதான் விஷயம்.

கேப்டனின் வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகு சேதுராமன் அவளைப் பார்த்தான். "என் நெஞ்சுல தண்ணி இருக்குன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பயந்துபோயிருப்பீங்க." தாளை நாலாய் மடித்து அவன் சட்டைப்பையில் செருகினாள். "இப்பப் பயப்படுங்க. வீட்டுல உக்காந்து ஆற அமரப் பயப்படுங்க."