அரை விரல் ஒயின்

பீன்ஸ் சூப்புக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு டிராகோவின் கடைக்குக் கிளம்பினான் டூலியோ. நான் உப்பு போடவில்லை. அவனுக்கு அதுவும் ஆகாது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஒயின் கடையில் ஒரு ஸ்ப்ரிட்ஸ் குடிப்பது என் கணவன் டூலியோவின் வழக்கம். எங்கள் ட்ரியெஸ்ட்டே நகரத்தில் ஸ்ப்ரிட்ஸ் என்றால் வெள்ளை ஒயினும் சோடாவும் சரிபாதி. வெனிஸ்காரர்கள் ஆரஞ்சு நிறத்தில் எதையோ ஊற்றிவிட்டு அதே பெயரைச் சொல்வார்கள். நாங்கள் கண்டுகொள்வதில்லை.

அந்த வருட வசந்தத்தில் மருத்துவர் ஒயினை நிறுத்தச் சொல்லியிருந்தார். இதயம் தாங்காது என்றார். கடைக்குப் போகாமல் வீட்டில் கிடப்பதற்குச் செத்துப்போகலாம் என்றான் டூலியோ. எனக்கு அவன் உயிரோடு இருக்க வேண்டும். நானே அவனைக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

"ஸ்ப்ரிட்ஸ்னா என்னன்னு தினமும் இங்க சண்டை போடுவியே, இப்பச் சொல்லு" என்றேன்.

"தெளிக்கிறது. ஜெர்மன் வார்த்தை" என்றான் டூலியோ. "ஆஸ்திரியாக்காரன் இந்த ஊர ஆண்ட காலத்துல, அவன் சிப்பாய்ங்களுக்கு நம்ம ஒயின் தலைக்கேறிடுச்சு. கொஞ்சம் தண்ணி தெளிச்சுக் குடுன்னாங்க."

"புளுகாதடா" என்றான் டிராகோ. "எங்க தாத்தா அந்தப் பட்டாளத்துலதான் இருந்தாரு. எந்தச் சிப்பாய் தண்ணி கேட்டான்? கடைக்காரன் தண்ணியக் கலந்து வித்துட்டு, கேக்கறவன் வாயடைக்க ஜெர்மன்ல பேரு வச்சான்."

"ஒருவழியா உன் தொழில் ரகசியத்த ஒத்துக்கிட்ட!"

"யாரு கேட்டா என்ன? தெளிக்கிறதுன்னா கொஞ்சம்தானே" என்றேன். "டிராகோ, இனிமே இவனுக்கு சோடாவ ஊத்து, ஒயினத் தெளி."

டூலியோ என்னைப் பார்த்தான். பிறகு டிராகோவைப் பார்த்தான். "ஆஸ்திரியாக்காரனே இவ்வளவு கொடுமை பண்ணலடா" என்றான். ஆனாலும் சரி என்றான்.

சூப்புக்கு உப்பு கேட்டுவிட்டுப் போன அந்த நவம்பர் நாளில், கடையிலிருந்து திரும்பும்போது எங்கள் தெருப் படிக்கட்டில் விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துக் கடைக்குப் போனேன்.

"மறைக்காம சொல்லு டிராகோ. நான் இல்லாதப்ப எவ்வளவு ஊத்தின?"

"அரை விரல், சின்யோரா நெரினா. மீன் தொட்டித் தண்ணின்னு தினமும் என்னைத் திட்டுவான். ஒருநாள் எனக்கே பாவமா இருந்துச்சு, கொஞ்சம் கூடுதலா ஊத்தப் போனேன். கையால கிளாஸ மூடிட்டான்."

"என்ன சொன்னான்?"

"'அவ மோந்து பாத்தே கண்டுபிடிச்சிருவா'ன்னான்."

நான் ஒருநாளும் மோந்து பார்த்ததில்லை. அதை டிராகோவிடம் சொல்லவில்லை.

கேட்காமலே அவன் எனக்கு ஒன்று ஊற்றினான், சரிபாதி. நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினேன். வெளியே போரா காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் கடைக் கதவை உள்ளிருந்து இரண்டு பேர் தள்ளினால்தான் மூட முடியும். இத்தனை நாள் டிராகோவோடு டூலியோ தள்ளினான்; இப்போது உள்ளே டிராகோ மட்டும்தான்.