அப்பா வேஷம்

"கையைத் தூக்குங்கண்ணே" என்று சொல்லி, உமாதேவி அப்பாவின் அரைக்கைச் சட்டையைப் பென்னிக்கு மாட்டிவிட்டாள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போன கூட்டம் தெருமுனைக்கு வந்துவிட்டது. கொட்டுச் சத்தம் கேட்டது. அவளுக்குத் துக்கத்தைவிட, ஆண்டு விழாவில் மேடைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி ஒரு பரபரப்பே அதிகம் இருந்தது. அப்பா செத்த அன்று இப்படி இருக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்பா தில்லைநாயகம் தென்காசியில் முப்பது வருஷம் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். எந்தப் பாடத்தை எடுத்தாலும் ரோமாபுரியில் கொண்டுபோய் முடிப்பார். போன வாரம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டுச் சொன்னார்: "அங்கன பெரிய மனுஷன் செத்தா, அவனை மாதிரியே வேஷம் கட்டி ஒருத்தன் வருவான். பேச்சு, நடை, குத்தங்குறை எல்லாம் நடிச்சுக் காட்டுவான். செத்தவனைச் சாமியாக்கிரக் கூடாதுன்னு அவனுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கும் ஒருத்தன் வேணும்ட்டி. பென்னியக் கூப்பிடு."

பென்னி கல்லூரி அட்டெண்டர். சாருக்குப் பின்னால் அவரைப் போலவே நடந்துகாட்டி மாட்டிக்கொண்டவன். அன்று அவர் திட்டவில்லை; வகுப்பு முன்னால் இன்னொரு தடவை நடக்கச் சொன்னார்.

கதவைத் தள்ளிக்கொண்டு பெரியப்பா சண்முகநாதன் வந்தார்.

"என்னட்டி கூத்து இது? குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த சொந்தக்காரனுவகூட ஈரத்தலையோட வாசல்ல நிக்கானுவ. எல்லாவனும் என் தம்பியப் பாத்துச் சிரிக்கணுமா?"

"சிரிக்கணும்னுதான் அப்பா கேட்டாவ, பெரியப்பா."

"இவன் இல்லாதது பொல்லாதது பண்ணிட்டான்னா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. அப்பாவின் மானம் இனி பென்னி கையில். ஆனாலும் வழிவிட்டாள்.

இடது தோளைச் சாய்த்து, வேட்டி நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பென்னி கூடத்துக்குள் நடந்தான். அச்சு அசல் அப்பா. அழுதுகொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்தினார்கள். "கடைசி பெஞ்சு, போனை உள்ள வையி" என்றான். ஒருவர் நிஜமாகவே உள்ளே வைத்தார். பிறகு ஃப்ரீசர் பெட்டிமேல் குனிந்து, அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ஏலே, இது தூங்குத நேரமா?"

கூடமே வெடித்துச் சிரித்தது. பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. உமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அப்பா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தாள்.

பென்னி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான். தலையை நிமிர்த்தாமல் கூப்பிட்டான்.

"ஏளா சுந்தரி, தண்ணி."

சிரிப்பு அடங்கிவிட்டது. நாற்பது வருஷம் அப்பா இப்படித்தான் கூப்பிட்டார், செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்கூட. காலையிலிருந்து அழாமல், பேசாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சண்முகசுந்தரி சட்டென்று பாதி எழுந்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்தாள்.

"அடுப்படி அங்கனதான இருக்கு" என்றாள். "போயி எடுத்துக் குடிங்க."

நீர்மாலைக் கூட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. கொட்டும் நின்றது. பென்னி உமாவைப் பார்த்தான்.

அவன் எழுந்து, தோளைச் சாய்த்த அதே நடையில் அடுப்படிக்குள் போனான். குடத்தில் தம்ளர் இடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அம்மாவிடம் நீட்டினான்.

அவள் நிதானமாகக் குடித்தாள். காலித் தம்ளரை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.