கேள்வி கேட்காத காசு

அப்பாவின் சட்டையிலிருந்து வலது கையை உருவியாயிற்று. இடது கைதான் வர மறுத்தது. மருந்து ஏற்றிய ஊசியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் சட்டை மாட்டிக்கொண்டு இழுத்தது. கத்தரிக்கோலை எடுக்கலாமா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணைத் திறக்காமலே, "வெட்டிடாத. நல்ல துணி" என்றார்.

மூன்று நாளாக முழுசாக ஒரு வாக்கியம் பேசாதவர். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, விரல் விரலாகச் சட்டையை விடுவித்து எடுத்தாள். சுருட்டித் துணிக்கூடையில் போடப் போனபோது மறுபடியும் அவர் குரல் வந்தது.

"பாக்கெட் பாத்தியா?"

பார்த்தாள். ஒன்றும் இல்லை. நாற்பது வருஷம் சலவைக் கடை நடத்தியவர் படுத்த படுக்கையிலும் கேட்கிற கேள்வி இதுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. 

காலையில் வந்த நர்ஸ் போகும்போது அவளை மாடிப்படிக்கு அழைத்து, இன்றைய பொழுது தாண்டுவது கஷ்டம், வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். வெளியூரில் இருக்கும் தம்பி விமானம் பிடித்துச் சாயங்காலம் வந்து சேருவான். அவள் கணவர் மதியத்துக்கு மேல் ஆபீஸிலிருந்து கிளம்புவார், காரில் இரண்டு மணி நேரம். அதுவரை கடைக்கு மேலே இருந்த இந்த அறையில் அப்பாவும் அவளும் மட்டும்தான்.

கீழே கடை பூட்டிக் கிடந்தது. அந்தக் கடையின் நீராவியில் வெந்து வளர்ந்தவர்கள் அவளும் தம்பியும். தெருவில் அப்பாவுக்குப் பெயர் மடிப்பு. அவர் தேய்த்த கால்சட்டையின் மடிப்பு ஒரு வாரம் உட்கார்ந்து எழுந்தாலும் கலையாது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பெற்றோர் வைத்த பெயரே மறந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் அவளையும் 'மடிப்புப் பொண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

துணி வந்ததும் பாக்கெட் பார்ப்பது அவள் வேலை. எத்தனை பாக்கெட்டுகள்! சில்லறை, கசங்கிய நோட்டு, பஸ் டிக்கெட், மூக்குப்பொடி, ஒரு தடவை ஒரு பால் பல். எதுவானாலும் பழுப்புக் கவரில் போட்டு, மேலே பில் நம்பரை எழுதி, துணியோடு சேர்த்து ஊக்கு குத்தி வைக்க வேண்டும். எவ்வளவு இருந்தது என்று யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. கவரை வாங்கிக்கொண்டு அசடு வழியச் சிரித்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கல்லாவிலிருந்து அப்பா அவளுக்கு ஒரு நாணயம் தருவார். அதை என்ன செய்தாய் என்று ஒரு சனிக்கிழமைகூடக் கேட்டதில்லை. ஒருமுறை அவள் பச்சை நகச்சாயம் வாங்கிப் பூசிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா நகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், இஸ்திரியைத் தொடர்ந்தார்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அந்தக் கோட் வந்தது. ஒரு கான்ட்ராக்டரின் மனைவியுடையது. கனமான கம்பளிக் கோட். புருஷன்தான் கொண்டுவந்து போட்டார், அவர்தான் வாங்கிப் போவார். பாக்கெட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் கீழ் விளிம்பைத் தடவியபோது லைனிங்குக்குள் ஏதோ மொறமொறத்தது. தையலைப் பிரித்தால் உள்ளே நோட்டுகள், சின்னதாக மடித்து, வரிசையாக. கோட்டை வாங்கிப் போக அந்த மனிதர் வந்து நின்றபோது, அவள் கவரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அப்பா கவுண்டருக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற மாதிரிப் பிடித்தார். துணி இன்னும் காயவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று அந்த ஆளை அனுப்பிவைத்தார். அன்றைக்கு அம்மா உட்கார்ந்து, நோட்டுகளை இருந்த வரிசையிலேயே உள்ளே வைத்து, அதே நிற நூலால் அதே தையலைப் போட்டாள்.

ஆறேழு மாதம் கழித்து, நல்ல வெயில் காலத்தில், அந்த அம்மாள் கையில் ஒரு பெட்டியோடு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடையைத் தாண்டி நடந்துபோனாள். வேர்த்துக் கொட்டியது அவளுக்கு. வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "நல்லா தேச்சுக் குடுத்தீங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்புறம் அந்தத் தெருவில் அவளை யாரும் பார்க்கவில்லை.

பிறகு காலம் மாறியது. முதலில் கார்டு வந்தது, அப்புறம் போன் வந்தது, அப்புறம் கடைகளில் 'ரொக்கம் வாங்குவதில்லை' என்று அட்டை தொங்கியது. பாக்கெட்டுகள் காலியாயின. பழுப்புக் கவர்க் கட்டு பிரிக்கப்படாமலே அலமாரியில் மங்கியது. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "இனிமே அந்த மாதிரிப் பொம்பளைங்க எங்க வெப்பாங்க?" என்றார். யாரைச் சொல்கிறார் என்று தம்பிக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

அம்மா சாவதற்கு முன்பு சீக்காகக் கிடந்த வருஷம், பேங்கில் வேறு எவனோ ஒரு மோசடிக்காரனின் பெயரும் அப்பாவின் பெயரும் ஒன்றாக இருக்கப்போய், கணக்கை முடக்கி வைத்துவிட்டார்கள். பத்தொன்பது நாள். பணம் இருக்கிறது, திரையில் தெரிகிறது, தொட முடியவில்லை. சொந்தக் காசுக்கு மனு எழுதிக்கொண்டு, அம்மாவின் மருந்துக்கு அக்கம்பக்கத்தில் கைநீட்டினார். இருபதாவது நாள் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி வந்தது. அதற்கப்புறம்தான் பக்கத்துக் கடை செல் டாக்டரிடம் போய் உட்கார ஆரம்பித்தார். செல் டாக்டர் என்றால் செல்போன் ரிப்பேர் பார்க்கிற, அவர் வயதையொத்த ஓர் ஒல்லி மனிதர். அவர்தான் அப்பாவுக்குக் கிரிப்டோ என்கிற, பேங்கே இல்லாத இன்டர்நெட் காசைச் சொல்லிக் கொடுத்தது. தம்பி போனில் கத்தினான், இந்த வயசில் சூதாட்டமா என்று. நடுவில் ஒரு சரிவு வந்தபோது, எல்லாம் போய்விட்டது என்று அப்பாவே சொல்லிவிட்டார். அத்தோடு எல்லோரும் விட்டார்கள்.

பதினோரு மணிக்கு அவள் ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தாள். அவர் கண் திறந்திருந்தது. வெகு தெளிவாக இருந்தது.

"கதவச் சாத்து" என்றார்.

வீட்டில் யாரும் இல்லையே என்றாள். இருந்தாலும் சாத்து என்றார். சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அது போகல. இருக்கு."

எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பன்னெண்டு வார்த்தை. அதான் சாவி. எழுதக் கூடாது, போன்ல ஏத்தக் கூடாது. நான் சொல்றேன், நம்ம கடைக் கம்பியில துணி மாட்டுற மாதிரி வரிசையா மாட்டிக்கோ."

எல்லாம் இங்கிலீஷ் வார்த்தைகள், அவர் உச்சரிப்பில். முதலில் ரிப்பன். ரிப்பன் வைத்த தொப்பி என்று மாட்டிக்கொள் என்றார். இரண்டாவது லெமன், மஞ்சள் கவுன். மூன்றாவது அங்கிள், யாராவது ஒரு மாமாவின் கோட்டை மாட்டிக்கொள், அவர் சலவைக் கூலி பாக்கி வைக்காதவராக இருக்கட்டும் என்று சொல்லி, சிரிக்கப் பார்த்து இருமினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். பன்னிரண்டும் முடிய அரை மணி ஆயிற்று. திருப்பிச் சொல்லச் சொன்னார். ஏழாவதும் எட்டாவதும் இடம் மாறிப்போயின. "முதல்லேர்ந்து" என்றார், சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்தபோது சொன்ன அதே குரலில். நான்காவது தடவை சரியாக வந்தது.

எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். அது தனக்கே தெரியாது என்றார். ஏறும், இறங்கும், ஒருநாள் வீடு வாங்கலாம், ஒருநாள் சைக்கிள் வாங்கலாம். வழியெல்லாம் செல் டாக்டருக்குத் தெரியும், வார்த்தை மட்டும் தெரியாது.

"தம்பிக்குப்பா?"

"அவனுக்கு இந்தக் கட்டடம். நீயும்தான விட்டுக்குடுத்துக் கையெழுத்துப் போட்ட. இது உனக்கு."

"எனக்கு எதுக்குப்பா?"

அவள் மடியில் கிடந்த போனை அவர் பார்த்தார். போன வருஷம் ஒரு பகல், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவள் அவருக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். போனைக் காட்டிப் பணம் கட்டி, டம்ளரை அவர் கையில் கொடுப்பதற்குள் கணவரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஜூஸ் கடையிலா இருக்கிறாய், உனக்குத் தொண்டைக்கு ஆகாதே என்று. கோபமே இல்லாத குரல். குடும்பக் கணக்கில் அவள் சம்பளமும் விழும், அவர் சம்பளமும் விழும். யார் செலவு செய்தாலும் அவர் போன் மணியடிக்கும். அவள் போன் அடிக்காது. அப்படித்தான் ஆரம்பத்தில் அமைத்தார்கள், அப்படியே இருந்துவிட்டது. எதை வாங்கும் முன்பும் மனதுக்குள் பதிலை முதலில் தயார் பண்ணிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே நினைவில்லை. அன்று அப்பா ஜூஸைக் கடைசி வரை குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பி வைத்தார். 

"அவர் நல்லவர்தாம்ப்பா" என்றாள் இப்போது.

"நான் அவரப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வந்து நின்றது, மறுபடி போயிற்று.

"கேள்வி கேக்காத காசுன்னு கொஞ்சம் இருக்கணும்மா. செலவு பண்ணணும்னு இல்ல. இருக்கணும்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறந்துபோய்விடுமோ என்ற பயத்தில் மனதுக்குள் கம்பியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். இரண்டேகால் மணிக்கு, ஏழாவது வார்த்தையில் இருந்தபோது, இடைவெளி முடியவில்லை என்பதைக் கவனித்தாள். கையை விடாமல் எட்டாவதைச் சொன்னாள், ஒன்பதைச் சொன்னாள். பன்னிரண்டையும் முடித்த பிறகுதான் எழுந்து நர்ஸுக்குப் போன் செய்தாள்.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் தன் தோளில் போட்டுக்கொண்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி, பெட்டி, பூ, தகனக் கூடத்தில் நேரம் எல்லாம் அவர் போனிலிருந்தே முடிந்தன. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார். விமானத்திலிருந்து இறங்கிய தம்பி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதபோது, அவன் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறப்பைப் பதிவு செய்த ஒரு மணி நேரத்தில் அப்பாவின் பேங்க் கணக்கு மூடிக்கொண்டதாகச் செய்தி வந்தது. இந்த முறை யாரும் மனு எழுதவில்லை.

மறுநாள் காலை தகனக் கூடத்தில் முதல் வரிசையில் அவள் நின்றாள். பெட்டி உள்ளே நகரும்போது தம்பி அவள் தோளில் சாய்ந்து குலுங்கினான். அவளால் அழ முடியவில்லை. அழுதால் வரிசை கலைந்துவிடும் என்று தோன்றியது. தொப்பி, மஞ்சள் கவுன், மாமாவின் கோட். உதடு தானாக அசைந்தது. பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்து ஒருவர் அவள் தலையைத் தொட்டார். பின்னால் அப்பாவின் தங்கையான அத்தை, 'கல் மனசு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை பார்' என்று யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. ஒன்பதாவது வார்த்தை ஒரு கணம் காணாமல் போய், திரும்பி வந்தது.

மதியம் மேலறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தம்பி அப்பாவின் காகிதங்களைப் பரப்பினான். கட்டடப் பத்திரம், மின்சார பில், அம்மாவின் பழைய மருந்துச் சீட்டுகள். அவன்தான் அந்தக் கிரிப்டோ பேச்சை எடுத்தான். செல் டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் வந்து தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருக்கிறதா இல்லையா என்று தனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுத்தது மட்டும்தான் தன் வேலை என்றார்.

"பன்னெண்டு வார்த்தை தெரிஞ்சவங்கதான் அதுக்குச் சொந்தக்காரங்க. அதுக்கு ஆபீஸ் கெடையாது, மேனேஜர் கெடையாது. தெரியலன்னா யாராலயும் தெறக்க முடியாது."

பேசி முடிக்கும்வரை அவர் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, நேத்து நீதான கூட இருந்த. எதாச்சும் சொன்னாரா?"

கணவரும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஆசையோ சந்தேகமோ இல்லை. வழக்கமாக ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும் என்று காத்திருப்பவரின் முகம் அது. இருபது வருஷமாக அந்த முகத்துக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

"பாக்கெட்டப் பாத்தியான்னு கேட்டாரு" என்றாள். "சட்டையக் கழட்டினப்போ."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். இருந்ததோ இல்லையோ, அவரோடு போச்சு என்று காகிதங்களை அடுக்கினான். பாவம், யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்றார் கணவர். செல் டாக்டர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டே போனார். சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தம்பியின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகும் வைத்தாள்.

நான்கு மணிக்குக் காரில் கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டி, நெடுஞ்சாலையில் சார்ஜ் ஏற்றும் இடத்தில் கணவர் வண்டியை நிறுத்தினார். இருபது நிமிஷம் ஆகும் என்றார். இரண்டு நாள் அலைச்சல். ஒயரைச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தவர், சீட்டைச் சாய்த்த நிமிஷத்தில் தூங்கிவிட்டார். அவள் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெளி மாதிரி ஓர் இடம். அதன் நடுவில் ஒரு சிமென்ட் பெஞ்சு. காய்ந்த இலைகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். தூரத்தில் யாரோ ஒருவர் நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டார். அது எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் வட்டமடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கன்னம் நனைந்து, முகவாயிலிருந்து சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, கார் விளக்கு இரண்டு தடவை மின்னியது. கணவர் விழித்துவிட்டார். பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அவள் கையை உயர்த்திக் காட்டினாள். நாய் இப்போது வேலியோரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலணிகளைக் கழற்றி, கால்களைப் புல்லில் வைத்துக்கொண்டாள்.