ராஜப்பனின் நாற்பது ராத்தல்

தகர டின்னின் விளிம்புவரை எண்ணெய் ஏறியதும் ராஜப்பன் இஞ்சினை நிறுத்தினார். சரியாக ஒரு மணி நேரம். அவர் மீசை அப்போதே ஒரு முழம் வளர்ந்துவிட்டது. பனச்சமூட்டில் தன் தேங்காயெண்ணெய் மில் ஓடினால் பூவார் கடலில் மீன்கள் பயந்துபோய்த் தாமாகவே வலைக்குள் குதிக்கும் என்று சொல்லித் திரிகிறவர் அவர்.

எல்லைப் போராட்டக் காலம். ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது ராஜப்பனின் கட்சி. எதிர்மில் கருணாகரனுக்கு ஐக்கிய கேரளம். இருவரும் காலையில் ஒரே கடையில் சாயா குடிப்பார்கள். பிறகு பகல் முழுக்க இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கோஷம் போடுவார்கள். அது முற்றிப் பந்தயத்தில் வந்து நின்றது. யார் மில் ஒரு மணி நேரத்தில் கூடுதல் எண்ணெய் பிழிகிறது? தோற்றவர் சந்தை நடுவே வண்டிமேல் ஏறி மற்றவரின் கோஷத்தை மூன்று முறை முழங்க வேண்டும்.

கருணாகரன் எண்ணெயை நிறுத்து விற்பவர். அவர் மில் முப்பத்தெட்டு ராத்தல் தந்தது. ராஜப்பன் அளந்து விற்பவர். அவருக்குக் கிடைத்தது ஒரு தகரம்.

"ஒரு தகரம்னா நாப்பது ராத்தலாக்கும். நானே நிறுத்துப் பாத்திட்டுண்டு!"

"அண்ணே, அன்னைக்கு தகரத்துல என்ன இருந்துது?" என்று கேட்டார் நடுவராக வந்திருந்த மிஷன் பள்ளி சயன்ஸ் டீச்சர் செல்லபாய்.

"கெணத்துத் தண்ணி."

செல்லபாய் சிரிக்கவில்லை. டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு எண்ணெய் விட்டார். அது ஜம்மென்று மிதந்தது.

"பாத்தீரா? அதே தகரத்துல எண்ணெய் அவ்வளவு கனக்காது. ஒரு தகரம் எண்ணெய் எத்தனை ராத்தல்னு தெரியாம, மணிக்கு இத்தனை ராத்தல்னு எப்பிடிச் சொல்லுவீரு?"

தகரம் தராசில் ஏறியது. வெறுந்தகரத்தின் எடையைக் கழித்தார்கள். முப்பத்தேழு.

"சூடா இருக்கு டீச்சரே! ஆறட்டும், கனம் வைக்கும்."

"ஆறினா மட்டந்தான் எறங்கும். எடை அங்கனயே நிக்கும்."

ஒரே ஒரு ராத்தல்! ஊர்வலத்தில் வாங்கிய ஒற்றைத் தடியடியை முந்நூறாகச் சொல்லி வந்த மனிதர், இனி அந்த வாயாலேயே எதிர்க் கோஷம் போட வேண்டும். நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது?

சந்தைக்குப் பக்கத்து ஊரான காரக்கோணத்துக் கோழிகள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தன. ராஜப்பன் வண்டிமேல் ஏறினார். வாய் திறந்தது. மீசை நடுங்கியது. கருணாகரன் கூட்டத்தைப் பிளந்து ஓடிவந்து, வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த, எண்ணெய் சொட்டும் சூடான பழம்பொரி ஒன்றை அந்த வாயில் திணித்தார்.

"வேண்டாமெடா! நின் வாயிலேருந்து எங்க கோஷத்தக் கேட்டா எனக்கு உறக்கம் வராது."

ஆனாலும் வாக்கு வாக்குதானே. வாய் நிறையப் பழம்பொரியோடு ராஜப்பன் எதையோ மூன்று முறை முழங்கினார். எந்தக் கட்சிக் கோஷம் என்று ஒரு கோழிக்கும் விளங்கவில்லை. கருணாகரன் கைதட்டினார். ராஜப்பனின் மீசை நுனியில் ஒரு சொட்டு எண்ணெய், விழுவதா வேண்டாமா என்று வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.