அது எந்த வரேன்?

நவநீத் மழைக்குக்கூட மலைப்பக்கம் ஒதுங்காதவன். கல்கத்தா நியூ டவுனில் நாங்கள் இருவரும் தங்கியிருக்கும் ஃபிளாட்டிலிருந்து ஆபீஸ் கூப்பிடு தூரம்தான். அதற்கும் டாக்ஸி பிடிப்பான். லிஃப்ட் பழுதென்றால் வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிப்பான். அப்பேர்ப்பட்டவன் ஜனவரியில் ஒரு நாள் என் முன்னால் வந்து நின்று, "இஸ்மாயிலு, ஞாயித்துக்கெழம ட்ரெக்கிங் போறோம்" என்றான். எனக்குத் தலை சுற்றியது.

ஜார்கிராமுக்குக் காலை ரயில். அங்கிருந்து ஜீப்பில் பேல்பஹாரி பக்கம். காட்டுக்குள் பாறை பாறையாக ஏறி இறங்கி, ஒரு குன்றைச் சுற்றிவந்து, புறப்பட்ட டீக்கடையிலேயே முடிகிற பாதை.

"பொறப்பட்ட எடத்துக்கே வாரதுக்கு எதுக்குல நடக்கணும்? அந்த டீக்கடையிலயே உக்காந்துக்கிடலாமே" என்றேன்.

"மாதங்கி வர்றாடா."

அப்படிச் சொல்லு! மாதங்கி எங்கள் டீமில் இருப்பவள். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவாசி. ஆங்கிலத்தில் மெயில் எழுதுவாள், வங்காளியில் சண்டை போடுவாள், தமிழில் சாப்பிடுவாள். அவளைப் பிடித்திருக்கிறது என்று அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும் நவநீத் சொல்லியிருந்தான். அந்த மாதக் கடைசியிலிருந்து அவனைப் புனேவுக்கு மாற்றியிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது. போவதற்குள் சொல்லிவிட வேண்டும். தரையில் வராத தைரியம் மலையில் வருமாம்.

ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. கோயம்புத்தூரில் இருக்கும் அவன் அம்மா, "குன்னைச் சுத்தி நடக்கறோம்" என்றதும் கிரிவலம் என்றே முடிவு கட்டிவிட்டார். "செருப்புப் போடாத கண்ணு. வலமாவே சுத்து" என்று உத்தரவு. இடப்பக்கமாகப் போனால் ஏறுவது சுலபம் என்று ஜீப்காரர் போனில் எவ்வளவோ சொன்னார். பயல் வலம்தான் என்று நின்றுவிட்டான். செருப்பு விஷயத்தில் மட்டும் அம்மாவை மீறிப் புது ஷூ வாங்கினான். கூடவே குரங்குக் குல்லாய் இரண்டு. குளிர் என்ற பேச்சு எழுந்தாலே இந்த ஊரில் எல்லார் தலையிலும் ஏறிவிடுமே, அந்தக் குல்லாய். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. உயிர் நண்பனின் காது எக்கேடு கெட்டால் என்ன?

சனிக்கிழமை சாயங்காலம் பையில் கமலா ஆரஞ்சை அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது.

"வாரேன்னு அவ எப்பம்ல சொன்னா?"

"கேன்டீன்ல மேப்பைக் காட்டி எல்லாஞ் சொன்னேன். முழுசாக் கேட்டா. அப்புறம் பையை எடுத்து மாட்டிட்டு, 'சரி, அப்போ நான் வரேன்'னு சொன்னா."

"பையை மாட்டிக்கிட்டா?"

"ஆமா."

"சொல்லிட்டு?"

"போயிட்டா."

"ஏல கூமுட்ட! அது 'போய்ட்டு வாரேன்'ல!"

பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் 'போறேன்' என்று சொல்லக் கூடாது என்று தாய்ப்பாலோடு படித்த கூட்டம் நாம். ஆசை முற்றினால் அந்தத் தமிழும் மறந்துபோகிறது. நான் போனை எடுத்தேன். "வேண்டாம்டா, கேட்டா இல்லைன்னுடுவா" என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாதங்கி, நாளைக்குக் காலைல ஹவுராவுக்கு நேரா வந்துருவீங்களா?"

"ஹவுராவுக்கா? எதுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ ராமா! நான் கிளம்பறேன்னு சொன்னேன். பெங்காலியிலகூட 'ஆஷ்சி', வரேன்னு சொல்லிட்டுத்தானே போறோம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நவநீத் அந்த இரண்டாவது குல்லாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது. திடீரென்று என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

"மாதங்கி, நாந்தானுங்க. தப்பு என்னுதுதான். இப்ப நேராவே கேக்கறேன், நாளைக்கு வர்றீங்களா? நீங்க வரலீன்னா நானும் போகலீங்க. எனக்கு நடக்கறதே புடிக்காது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அவள் அம்மா பாகீரதி மாமி எதற்கோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சரி... அம்மா கூப்பிடறா. வரேன்" என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இது எந்த வரேன்டா?" என்றான் அவன்.

'சரி' என்று தொடங்கியதால் வருகிற வரேன்தான் என்பது அவன் கட்சி. 'அம்மா கூப்பிடறா' வந்துவிட்டதால் போகிற வரேன் என்பது என் கட்சி. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி, சாப்பாடு முடிகிறவரை அதையே மென்றோம். திருப்பிக் கேட்க மட்டும் இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை.

காலையில் ஹவுராவில் பெரிய கடிகாரத்தின் கீழே நின்றோம். யாருக்காகவாவது காத்திருப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். எங்கள் ரயிலை அறிவித்துவிட்டார்கள். நான் பையைத் தோளில் மாட்டினேன். அவன் அசையவில்லை. "இன்னுங் கொஞ்சம் பாக்கலாம்டா" என்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேல், இவன்மேல், வருவதற்கும் போவதற்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர்கள்மேல்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு குரங்குக் குல்லாய் வந்தது. உள்ளே மாதங்கி. கையில் டிபன் கேரியர்.

"அம்மா புளியோதரை கட்டிக் குடுத்தா, அதான் லேட். என்ன ரெண்டு பேரும் முழிக்கறேள்? வரேன்னு சொன்னேனே!"

மலை எதற்கு, பாறை எதற்கு? அத்தனை திட்டம் போட்டவன் அந்தக் கடிகாரத்தடியிலேயே உளறிக் கொட்டினான்.

"உங்களை எனக்கு ரொம்பப் புடிக்குமுங்க. மாசக் கடைசில நான் புனே போறேன்."

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கேரியரை என் கையில் திணித்தாள்.

"போறேன்னு சொல்லாதீங்கோ" என்றாள். "வரேன்னு சொல்லுங்கோ."

"வர்றேனுங்க" என்றான் நவநீத்.

அது எந்த வரேன் என்று இந்தத் தடவை எனக்கே விளங்கியது. அவளுக்காக வாங்கிய குல்லாயை அவன் பையிலிருந்து உருவி என் தலையில் மாட்டிக்கொண்டு, புளியோதரையோடு பிளாட்பாரத்தைப் பார்த்து நடந்தேன்.