கட்டிலுக்கு அடியில் தேய்ந்த செருப்பு

நாற்பது நாளாகக் கட்டிலை விட்டு இறங்காத பெண்ணின் செருப்பு, அந்த மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வலது குதிகாலில் ஓட்டை விழுகிற அளவுக்குத் தேய்ந்துபோனது. மருத்துவமனையின் நான்காவது மாடியில், இளவயதுப் புற்றுநோயாளிகளுக்கென்று இருந்த பதினொரு கட்டில்களில் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. பள்ளிக்கூட மேசையில் ரப்பர் வைத்து அழித்த தூளைப் போல அதன் அடியில் தினமும் கறுப்பாக ஏதோ கிடக்கிறது என்று தரை துடைப்பவள் தலைமை நர்ஸிடம் முறையிட்டாள். எலியாக இருக்கும் என்று பொறி வைத்தார்கள். பொறியில் எதுவும் விழவில்லை. தூள் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

பெண்ணுக்கு வயது பத்தொன்பது. இடது முழங்காலில் நோய் பிடித்த எலும்பை எடுத்துவிட்டு உலோகத் தண்டு வைத்திருந்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. பிறகு ஏற்றிய மருந்துதான் அவளைப் பிழிந்த துணியாகப் படுக்கையில் போட்டுவிட்டது. இன்னும் ஒரு சுற்று மருந்து பாக்கி. உடம்பில் தெம்பு ஏறினால்தான் அதைக் கொடுக்க முடியும், கொடுத்தால்தான் நோய் திரும்பாமல் இருக்கும் என்றார் டாக்டர். தெம்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா பேருந்து நிலையத்தின் முன்பதிவுக் கவுண்டரில் இருபது வருடமாக உட்கார்ந்திருந்தவர். உடன் வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் நாற்காலி. அந்த வார்டுக்கு உதவும் சங்கம் ஒன்று நடைச் சவால் அறிவித்திருந்தது: ஒரே மாதத்தில் முந்நூறு கிலோமீட்டர், நடப்பவர் முதுகில் ஒரு நோயாளியின் பெயரட்டை, தெரிந்தவர்கள் தரும் நன்கொடை வார்டுக்கு. நாற்காலி அதில் பெயர் கொடுத்த அன்று கவுண்டரே குலுங்கியது. “அண்ணே, முந்நூறு கிலோமீட்டர்னா எந்த வண்டியில சீட்டு போடட்டும்? ஜன்னலோரமா?” என்றான் பக்கத்துக் கவுண்டர்க்காரன். அவர் மகள் பெயரை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் மனைவி, பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்பு, ஷூ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். தேய்ந்த அடியைப் பார்த்தே நடந்த ஆளைச் சொல்லிவிடுகிறவள். மகளின் செருப்பைக் கடைக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது உங்க நடைங்க. இருபத்திரண்டு வருஷமா இந்த வலது குதிகாலுக்குத்தான் ஒட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“நான் அவ செருப்பைத் தொடவே இல்லையே.”

“தொட்டீங்கன்னு நான் சொல்லலையே.”

மகளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. அப்பா மேடு ஏறிய நாட்களில் அவளுக்குக் கெண்டைக்கால் சுகமாக வலித்தது, வலித்த உடனே பசித்தது. ஒரு மாலை போனில் கூப்பிட்டாள். “அப்பா, நாலு மணிக்கு எங்க உக்காந்தீங்க? காலு பத்து நிமிஷம் சும்மா கிடந்துச்சு.” டீ குடித்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். “இனிமே நின்னுக்கிட்டே குடிங்க” என்று வைத்துவிட்டாள். அந்த வாரம் அவள் எடை ஒரு கிலோ ஏறியது.

தவறு அம்மாவிடமிருந்துதான் வந்தது, அதுவும் தொழில் பெருமையால். ஊருக்கெல்லாம் நாள்பட உழைக்கிற அடி வைத்துக் கொடுக்கிறவள், தன் மகளின் கட்டிலுக்கு அடியில் தன் கைவேலை பொடிப்பொடியாக உதிர்வதைப் பொறுக்கமாட்டாமல், லாரி டயரை அறுத்து அடி வைத்தாள். “இனி தேயட்டும், பார்க்கிறேன்” என்றாள். செருப்பு தேயவில்லை. தரை சுத்தமானது. மகள் சோற்றைத் தள்ளி வைத்தாள். ஏறிய கிலோ மூன்றே நாளில் இறங்க, டாக்டர் மருந்துத் தேதியைத் தள்ளிப் போட்டார். இன்னொரு முறை தள்ளினால் பயனில்லை என்றும் சொன்னார். பயந்துபோன அப்பா இரண்டு மடங்கு நடந்தார். நான்காம் நாள் மதியம் கடைக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது, அடி பிய்ந்து காலுறையும் கிழிந்து உள்ளங்கால் கொப்புளமாக இருந்தது. அம்மா அந்த ஷூவைப் பார்த்தாள். காலையில் மகளின் கட்டிலடியில் பார்த்த, கீறல்கூட விழாத டயர் அடி நினைவுக்கு வந்தது. கடையைச் சாத்தாமல் மருத்துவமனைக்கு ஓடினாள். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து டயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, யார் கேட்டாலும் ‘ரெண்டு நாள்கூடத் தாங்காது’ என்று திட்டி அனுப்புகிற வெள்ளை ஸ்பாஞ்சு அடியை ஒட்டினாள். மறுநாள் காலைக்குள் அது காகிதமாகத் தேய்ந்திருந்தது. மகள் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

செய்தி பேருந்து நிலையத்தில் பரவியது. சீட்டு கேட்ட பக்கத்துக் கவுண்டர்க்காரன்தான் முதலில் வந்து அடுத்த கட்டிலின் பெயரட்டையை வாங்கிக்கொண்டான். பிறகு நடத்துநர்கள் வந்தார்கள், சுமை தூக்குகிறவர்கள் வந்தார்கள், நேரக்காப்பாளர் தொப்பையோடு வந்தார். பதினொரு கட்டிலுக்கு அடியிலும் தூள் விழுந்தது. அம்மா தினமும் பதினொரு ஜோடிக்கு மெல்லிய அடி வைத்தாள். ஓடும் பேருந்தில் நின்று பழகிய நடத்துநர் நடை இரண்டு ஓரமும் தேயும், சுமைக்காரர் நடை முன்பாதம் தேயும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்களுக்காக நடக்கிறவரை அடையாளம் சொன்னாள். தலைமை நர்ஸ் பொறியை எடுத்துவிட்டு ஒரு துடைப்பம் அதிகமாக வாங்கினார்.

தள்ளிப் போட்ட தேதியில் மருந்து ஏறியது. சவாலின் கடைசி நாள், முந்நூறுக்கு இருநூறு மீட்டர் குறைய அப்பா மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது மகள் அங்கே நின்றிருந்தாள், சுவரைப் பிடித்தபடி. பேருந்து நிலையம் வரையிலான அந்த இருநூறு மீட்டரை இருவரும் முக்கால் மணி நேரத்தில் நடந்தார்கள். அவள் இடது காலை லேசாக இழுத்து, விரல் நுனியில் ஊன்றி நடந்தாள். “மெதுவாப் போங்கப்பா, நாற்காலிக்கு இவ்வளவு அவசரமா?” என்றாள். பேருந்து நிலையத்தில் நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. நேரக்காப்பாளர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மூன்று வருடம் போயிற்று. நோய் திரும்பவில்லை. அந்த வார்டில் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் பட்டியலில், மாற்றுத்துணி, பல்துலக்கி, அதற்குக் கீழே மெல்லிய அடி வைத்த செருப்பு ஒரு ஜோடி என்று இப்போதெல்லாம் அச்சிட்டே கொடுக்கிறார்கள். யாரும் ஏனென்று கேட்பதில்லை.

இந்த வருடச் சவாலின் ஐந்தாம் நாள், வார்டிலிருந்து அடி வைக்க வந்த செருப்புப் பையில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் நீலச் செருப்பு இருந்தது. வலது அடி ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. இடது அடியில் விரல் நுனி மட்டும் இழுத்து இழுத்துத் தேய்ந்திருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க வந்து பாருங்க. நம்ம பொண்ணு எப்படி நடந்திருக்கான்னு.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அம்மா பசையைத் திறந்து, இருப்பதிலேயே மெல்லிய அடியாக ஒன்றை எடுத்தாள்.